பேய் குடியேறும் கேக்

மேலே சிலந்தி வலை. ஓரங்களில் குத்திட்டு நிற்கும் கண்ணாடிச் சில்லுகள். நடுவில் வெள்ளை வெளேரென்று இரண்டு குட்டிப் பேய்கள். இத்தனை பயங்கரத்துக்கும் அஞ்சாமல், முதல் துண்டு யாருக்கு என்று சுற்றிலும் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். அக்டோபர் 31 இரவு, ஹாலோவீன் கொண்டாடும் வீடுகளில் மேசைக்கு வரும் கேக் இப்படித்தான் இருக்கும்.

ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கெல்டிக் மக்கள் கொண்டாடிய பழைய பண்டிகையில் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். பிற்காலத்தில், அந்த இரவை அடுத்து விடியும் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா ஆனது. அதற்கு மறுநாள்தான், நம்மூர்க் கத்தோலிக்கர்கள் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போகும் கல்லறைத் திருநாள்.

இந்த இரவுக்கென்றே அயர்லாந்தில் ஒரு பண்டம் உண்டு: பார்ம்பிராக். உலர்திராட்சை நிறைந்த இனிப்பு ரொட்டி. மாவுக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி, பட்டாணி எல்லாம் ஒளித்து வைத்துச் சுடுவார்கள். மோதிரம் யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஓராண்டுக்குள் கல்யாணம். காசு வந்தால் செல்வம், துணி வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் அந்த வருஷம் கல்யாணம் கிடையாது! மோதிரம் வைத்த பார்ம்பிராக் இன்றும் அங்கே கடைகளில் விற்கிறது.

துண்டுக்குள் என்ன இருக்குமோ என்று அன்று படபடத்தார்கள். இன்றைய கேக் பார்த்தவுடனேயே மிரட்டுகிறது. அந்த மிரட்டலின் பாதி, கருப்பு நிறத்தில் இருக்கிறது.

வெள்ளை பட்டர் கிரீமைச் சாயத்தால் மட்டும் கருப்பாக்க நினைத்தால் புட்டியே காலியாகும். கிரீம் கசக்கும், தின்றவர் பல்லும் நாக்கும் கறுக்கும். முதலில் கோகோ கலந்து கிரீமைப் பழுப்பாக்கிவிட்டால் கொஞ்சம் சாயமே போதும். கலக்கியவுடன் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மூடி ஓரிரவு வைத்தால் நிறம் தானாக ஏறும். கேக்குக்குக் கருங்கோகோ நல்லது. ஆனால் அது சோடா போன்ற காரப்பொருளால் புளிப்பை முறித்துத் தயாரித்தது. மோர் மாதிரி வேறு புளிப்பு சேர்க்காமல் சமையல் சோடாவை மட்டும் நம்பினால் கேக் எழும்பாது. பேக்கிங் பவுடர் வேண்டும்.

வலை பின்னுவதற்குக் கைவேகம் முக்கியம். சம எடை கிரீமும் சாக்லேட்டும் உருக்கிக் கலந்த கனாஷை, நன்றாக ஆறிய கேக்கின் மேல் ஊற்ற வேண்டும். அது இறுகுவதற்குள், உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டால் நடுவிலிருந்து வெளியே வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போட வேண்டும். பிறகு பல்குத்தும் குச்சியை மையத்தில் வைத்து விளிம்புவரை இழுக்க, வட்டங்கள் வளைந்து வலையாகும். எட்டு இழுப்பு போதும். ஒவ்வொன்றுக்கும் பிறகு குச்சி முனையைத் துடைக்காவிட்டால் வலை கலங்கிவிடும்.

கண்ணாடிச் சில்லுகள் வெறும் சர்க்கரைதான். சர்க்கரை, தண்ணீர், பாகு படிகமாகிவிடாமலிருக்கக் கொஞ்சம் குளுக்கோஸ் சிரப். இதை 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பாகு வைத்தவர்களுக்கு இந்தப் பதம் புதிதல்ல: தண்ணீரில் விட்ட சொட்டு கெட்டியாகி, மடக்கென்று உடைய வேண்டும். வெண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆறியதும் தட்டினால் சில்லு சில்லாகச் சிதறும். விளிம்பு நிஜமாகவே வெட்டும் என்பதால், குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுக்கும். ஆகவே பரிமாறும் நேரத்தில் குத்துவதே சரி.

பேய்களுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் போதும். நுரைக்க அடித்து, கூம்பாகப் பிழிந்து, 100 டிகிரி ஓவனில் ஒன்றரை மணி நேரம் உலரவிட்டால் மொறுமொறுப்பாகிவிடும். கண்களுக்கு இரண்டு பொட்டுச் சாக்லேட்.

இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. கிரீம் பூசும் முன்பே கீழடுக்கின் நடுவில் சிறு குழி தோண்டி, கெட்டியான ராஸ்பெர்ரிச் சாறு ஊற்றி, மேலடுக்கால் மூடிவிடுகிறார்கள். பார்ம்பிராக்கின் மோதிரம் போல, அது உள்ளே இருப்பது செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். விளக்கை அணைத்து, கத்தியை இறக்கி, முதல் துண்டை இழுக்கும்போது சிவப்பு மெல்ல வழிகிறது. சண்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்போதுதான் ஒரு கணம் வாயடைத்து நிற்கிறார்கள்.