தத்துக் கிடைக்கும் வரை ஓர் அடைக்கலம்: சாது நாயை வீட்டில் பராமரிப்பது எப்படி?

மலாக்காவில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளைக் காலி செய்து தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். சாமான்கள் லோரியில் ஏறும். வாசலில் காவல் இருந்த நாய்க்கு மட்டும் பல நேரங்களில் இடம் இருப்பதில்லை. ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களிலும் நகரத்து உணவுக்கடைகளின் பின்புறத்திலும் அலையும் நாய்களில், ஒரு காலத்தில் பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வந்தவையும் உண்டு.

இவற்றில் அதிகம் அடிபடுவது சாது நாய்தான். சோற்றுக்காக அது சண்டை போடாது. மனிதரைக் கண்டு ஓடாததால் நாய் பிடிக்க வருபவர்களிடமும் எளிதில் சிக்கிக்கொள்ளும். காப்பகத்தில் சேர்த்தாலும், மற்ற நாய்களின் குரைப்புக்கு நடுவே மூலையில் ஒடுங்கி நிற்கும். தத்தெடுக்க வருபவர்கள் குட்டியையோ துள்ளி வரும் நாயையோதான் தேடுவார்கள். வளர்ந்த நாட்டு நாய், அதிலும் பெண் நாய், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

இத்தகைய நாயை நிரந்தர வீடு கிடைக்கும் வரை சில வாரங்களோ மாதங்களோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதே தற்காலிகப் பராமரிப்பு. நாயின் குணம் வெளிப்படுவது வீட்டில்தான். அந்தக் குணத்தை அறிந்து சொல்ல ஒருவர் இருந்தால், தத்தெடுப்பவரும் துணிந்து முன்வருவார்.

முதலில் பேசித் தீர்க்க வேண்டியவை

நாயை மீட்ட தனிநபரோ, எஸ்பிசிஏ போன்ற அமைப்போ யாராக இருந்தாலும் மூன்று விஷயங்களை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மருத்துவச் செலவு யாருடையது? எவ்வளவு காலம்? பராமரிக்க முடியாமல் போனால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வது யார்? வாய்ப்பேச்சோடு விடாமல் புலனத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நாய் வளர்க்க ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய்களுக்கு அனுமதி என்பதை மலாக்கா வரலாற்று மாநகர் மன்றத்திலோ, அந்தந்த நகராண்மைக் கழகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதம் தேவை. பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவதும், நாய் வேலி தாண்டாமலும் அதன் கழிவு வெளியே கிடக்காமலும் பார்த்துக்கொள்வதும் பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

முதல் நாட்கள்

வீட்டுக்கு வரும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். தோட்டப்புற நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வரும். சோறு இறங்காமை, ஈறு வெளுத்துப்போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் வேறு நாய் இருந்தால் ஏறத்தாழ இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும். பார்வோ போன்ற நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியது. எனவே அதற்கான தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சோறும் வேகவைத்த கோழியும் கொடுக்கலாம். கறிக்குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சல் என்று மனிதர் சாப்பிடும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

சாதுவா, பயமா?

புது வீட்டுக்கு வந்த நாய் அசையாமல் படுத்திருந்தால் சாது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அது பயத்தில் உறைந்திருக்கலாம். நாய் மீட்பில் ஈடுபடுவோர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: பதற்றம் குறைய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், வீட்டைத் தன்னுடையதாக நினைக்க மூன்று மாதம். இது எல்லா நாய்க்கும் பொருந்தாது என்றாலும், அவசரப்படாமல் இருக்க உதவும்.

அந்தக் காலத்தில் கவனித்ததை எழுதி வைக்க வேண்டும். குழந்தைகள் ஓடினால் என்ன செய்கிறது? சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறதா? பூனை, மோட்டார்சைக்கிள், இடி, தீபாவளி வெடி இவற்றுக்கு எப்படி நடந்துகொள்கிறது? இந்தக் குறிப்பும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த நான்கைந்து படங்களும், "நல்ல நாய், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரியைவிடப் பலமடங்கு பயன் தரும். குறையை மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வந்துவிடும்.

யாரிடம் கொடுப்பது?

கொடுப்பதற்கு முன் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள்தான். ஒரு பெண் நாயை அப்படியே கொடுத்தால் சில மாதங்களில் ஒரு பெட்டி நிறையக் குட்டிகள் தெருவுக்கு வரலாம்.

கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடாமல் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். வேலி இருக்கிறதா, வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடும் எண்ணமா என்று கேட்பதில் தவறில்லை. நாட்டின் விலங்குநலச் சட்டம் 2015, வதைக் குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. ஆனால் நாயைக் கொடுக்கும் முன் கேட்கும் கேள்விகளே நல்ல காவல்.

பிரியும் நாள் கடினமானது. தயங்கித் தயங்கி வந்த நாய், வாசலில் காத்திருக்கப் பழகிய பிறகு அதை அனுப்ப மனம் வராது. ஆசைப்பட்டு வைத்துக்கொள்பவர்களும் உண்டு, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த இடம் காலியானால்தான் அடுத்த நாய்க்கு அடைக்கலம் கிடைக்கும். படுத்துப் பழகிய துணியை நாயோடு கொடுத்தனுப்பினால் புது வீட்டில் அதற்கு ஆறுதலாக இருக்கும். முதல் மாதம் அவ்வப்போது அழைத்து விசாரிப்பது புது வீட்டாருக்கும் துணையாகும்.

வீட்டில் இடமில்லாதவர்களும் உதவலாம். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு ஒரு முறை காரில் ஏற்றிச் செல்வது, ஒரு மூட்டை நாய் உணவு வாங்கித் தருவது, வீடு மாறும் உறவினரிடம் "நாயை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று லோரி வரும் முன்பே கேட்பது ஆகியவையும் உதவிதான்.