எஞ்சின் எப்படி நின்றது?

பேலியகொடையில் கார் நின்றுவிட்டால் ஒதுக்குவதற்கு இடம் தேடுவதே பெரும்பாடு. கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிகிற இடம் அது. 2013 ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை தொடங்குவதும், 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலம் வந்து இறங்குவதும் அங்கேதான். விடியற்புறம் மீன் சந்தை லொறிகள் வேறு. அந்த நெரிசலுக்குள் எஞ்சின் அணைந்தால் பல கார்களில் ஸ்டியரிங் உடனே கனத்துவிடும். பிரேக் மட்டும் ஒன்றிரண்டு தடவை நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் பூஸ்டருக்குள் கொஞ்சம் வெற்றிடம் மிச்சமிருக்கும். அதை விட்டு விட்டு மிதித்து வீணாக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹசார்ட் லைட்டைப் போட்டு ஓரம் கட்ட வேண்டும். பதற்றத்தில் சாவியை உருவிவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இது விளையாட்டில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் 2014இல் சுமார் 26 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்ததற்குக் காரணம் ஒரு சிறு இக்னிஷன் சுவிட்ச். சாவிக்கொத்தின் பாரமோ வீதியின் குலுக்கலோ போதும், ஓடும்போதே சாவி ஒரு படி பின்னால் நழுவும். எஞ்சின் அணையும், காற்றுப்பையும் விரியாது. நிறுவனத்தின் நட்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்களே 124.

கராஜுக்குப் போனதும் நம்மவர்கள் சொல்வது ஒரே வசனம்: “பாஸ், ஓடிக்கொண்டிருக்கேக்க நிண்டுபோச்சு.” இதை வைத்துக்கொண்டு எந்த பாஸும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தது பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஆள் அனுப்புவது. பிளக் மாறும், கொயில் மாறும், பெற்றோல் பம்பும் மாறும். கார் மறுபடி பாலத்தில் நிற்கும். என் கணிப்பில் இதில் பாதிக் குற்றம் ஓட்டுநருடையது. எஞ்சின் நின்ற கணத்துக்கு அவர் ஒருவர்தான் சாட்சி.

லைட்டைத் தட்டி அணைத்ததுபோல் ஒரே அடியாக நின்றதா? அப்படியென்றால் மின்சாரப் பக்கம் சந்தேகப்படுங்கள். முதல் ஆள் கிராங்க் சென்சர். எஞ்சின் சுழல்வதைக் கொம்பியூட்டருக்குச் சொல்வது அது; அதன் சமிக்ஞை அறுந்தால் தீப்பொறியும் கிடையாது, பெற்றோல் பாய்ச்சலும் கிடையாது. பழசான சென்சர் சூட்டில்தான் பெரும்பாலும் மக்கர் பண்ணும். உள்ளே நுண்ணிய கம்பிச் சுருளின் இணைப்பு வெப்பத்தில் விலகும், ஆறியதும் மறுபடி ஒட்டும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கார் ஸ்டார்ட் ஆவது இதனால்தான். கியர் கார் என்றால் இன்னொரு தடயமும் உண்டு. கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே சுழற்சிமானி முள் பூச்சியத்துக்கு விழுந்தால் சமிக்ஞைதான் போயிருக்கிறது. 1990களின் ஹொண்டா சிவிக் வைத்திருப்பவர்கள் மெயின் ரிலேயையும் கழற்றிப் பார்க்கட்டும். வெயிலில் வெந்து ஈயப் பற்று வெடிப்பது அந்தக் கார்களில் பேர்போன வருத்தம். மறுபடி ஈயம் வைத்தாலே தீரும்.

மாறாக, இழுவை குறைந்து, திக்கித் திணறி, உதறி நின்றதென்றால் பெற்றோல் சரியாக வரவில்லை. பம்ப், பில்டர், தாங்கியில் தண்ணீர் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் எதையும் மாற்றுமுன் அமுக்கமானியைப் பூட்டி அளக்க வேண்டும். பம்பைக் குளிர்விப்பது தாங்கியில் கிடக்கும் பெற்றோலே. 2022 யூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்த நாட்களில் அடிமட்டத்தில் ஓடிய தாங்கிகளும் கானில் சேமித்து ஊற்றிய பெற்றோலும் பம்புகளுக்கு நல்லது செய்திருக்க வழியில்லை.

சிக்னலில் காலை எடுத்ததும் மட்டும் அணைகிறதென்றால் த்ரொட்டில் பொடியில் கரி, அல்லது எங்கோ வெடித்த வெற்றிடக் குழாய். ஏசி போட்டதும் இது இன்னும் மோசமாகும். மலிவான வேலை. ஆனால் சில கார்களில் துப்புரவாக்கிய பிறகு ஸ்கேனரால் ஐட்லிங்கை மறுபடி படிப்பிக்க வேண்டும்.

நின்றதும் ஒயில் லைட்டும் பற்றறி லைட்டும் எரிவதைப் பார்த்து “ஒயில்தான் பிரச்சினை” என்று முடிவுகட்டுவோர் ஏராளம். எஞ்சின் நின்றால் அவை எரியத்தான் செய்யும். மற்றப்படி எல்லா லைட்டுமே செத்துப்போயிருந்தால்தான் பற்றறி முனை, இக்னிஷன் சுவிட்ச் பக்கம் போக வேண்டும். இன்னொன்று: கராஜுக்குப் போகுமுன் பற்றறி வயரைக் கழற்றாதீர்கள். பிழைக்குறியீடு பதிவாகும்போது எஞ்சின் என்ன வேகம், என்ன சூடு என்பதையும் கொம்பியூட்டர் சேர்த்தே எழுதி வைக்கும். வயரைக் கழற்றினால் பல கார்களில் அது அழிந்துவிடும்.

இலங்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வீதியில் ஓடியவை பழைய கார்களே, அவற்றில் ஏராளமானவை ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டிகள். ஓடும்போதே நிற்கும் கோளாறுக்காகத் திருப்பி அழைத்த வண்டிகள் ஜப்பானியக் கார்களிலும் உண்டு. 2014 பெப்ரவரியில் டொயோட்டா மூன்றாம் தலைமுறை பிரியஸில் 19 இலட்சத்தைத் திருப்பி அழைத்தது. மென்பொருள் கோளாறால் மின்மாற்றுப் பகுதியின் ட்ரான்சிஸ்டர்கள் சூடாகி, ஓடும்போதே வண்டி நிற்கக்கூடும் என்பது காரணம். 2020இல் டென்சோ தயாரித்த பெற்றோல் பம்புகளின் முறை. உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெற்றோலை உறிஞ்சி வீங்கி, உறையில் உரசி நின்றுவிடும். அந்த ஆண்டு முடிவதற்குள் டொயோட்டா மட்டும் உலகெங்கும் சுமார் 58 இலட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தது.

இப்படித் திருப்பி அழைக்கும்போது அறிவித்தல் கடிதங்கள் போவது ஜப்பானில் பதிந்த உரிமையாளருக்கு. வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ தபால் வராது. ஆனால் ஜப்பானிய நிறுவனங்களின் இணையத்தளங்களில் செசி நம்பரை இட்டால் அந்த வண்டிக்கு மிச்சமிருக்கும் திருத்த வேலை தெரியும். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் பணம் எண்ணிக் கொடுக்குமுன் அதைப் பார்த்துவிடலாம்.