டர்போ காருக்கு எத்தனால் ஊற்றலாமா?

"அண்ணே, எத்தனால் ஊத்துனா டர்போ வண்டி பறக்குமாமே, நெசமா?"

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழுகிறது. கேட்கிற தம்பிகள் பலர் எண்ணூரிலும் மணலியிலும் வேலை பார்ப்பவர்கள், இன்ஜின் விவரம் தெரிந்தவர்கள். அதே தம்பிகள்தான், பெட்ரோலில் இருபது சதவீத எத்தனால் கலந்ததிலிருந்து மைலேஜ் போச்சு, ஹோஸ் போச்சு என்றும் சொல்கிறார்கள். ஒரே சரக்கு எப்படி வேகமும் கொடுக்கும், கெடுதலும் செய்யும்? இரண்டுமே உண்மைதான். டீ ஆறுவதற்குள் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் டர்போ. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட ஊற்றலாம், சக்தியும் கூடும். ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். இன்டர்கூலர் அதை ஓரளவு தணிக்கும். அக்னி நட்சத்திரத்தில் வெளிக்காற்றே 40 டிகிரி இருக்கும்போது இன்டர்கூலரும் எவ்வளவுதான் செய்யும்? சூடு எல்லை மீறினால், ஸ்பார்க் கொடுத்த தீ சீராகப் பரவி முடிப்பதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. இதுதான் நாக்கிங். அதைக் கண்டதும் இன்ஜின் கணினியான ஈசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் குறைக்கும். விடியற்காலையில் சீறிய வண்டி, மதியம் எண்ணூர் விரைவுச் சாலையில் மந்தமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் எத்தனால் உதவிக்கு வருகிறது. ஊசி போடுமுன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தடவும்போது கை சில்லென்று ஆகிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சிலிண்டருக்குள்ளும் அதேதான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாகச் சுமார் 350 கிலோஜூல் வெப்பம் போதும். எத்தனாலுக்குச் சுமார் 900 வேண்டும். அதே காற்றுக்கு எத்தனாலைக் கூடுதலாகவும் ஊற்ற வேண்டியிருப்பதால், மொத்தக் குளிர்ச்சி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. போதாததற்கு எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டி இருக்கிறது. ஆக, நாக்கிங் தள்ளிப்போகும், பூஸ்ட்டைக் கூட்டலாம், ஸ்பார்க்கை முன்னுக்குக் கொண்டுவரலாம். நம்மைப் போன்ற வெயில் ஊரில் இந்தப் பலன் இன்னும் நன்றாகத் தெரியும்.

இது வெறும் பேச்சில்லை. 2005-இல் சாப் நிறுவனம் 9-5 பயோபவர் என்ற டர்போ காரைக் கொண்டுவந்தது. பெட்ரோலில் 150 குதிரைத்திறன் கொடுத்த அதே 2 லிட்டர் இன்ஜின், 85 சதவீத எத்தனாலில் 180 கொடுத்தது. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் 2012 முதல் 2.2 லிட்டர் டர்போ இன்ஜின்கள் பல ஆண்டுகள் இந்த 85 சதவீதக் கலவையில்தான் ஓடின.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். எத்தனாலில் 21 தான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இதைத் திருப்பிப் பாருங்கள்: அதே காற்றுக்கு, 85 சதவீதக் கலவையைச் சுத்தப் பெட்ரோலைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக ஊற்றியாக வேண்டும். மைலேஜ் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதைவிடப் பெரிய ஆபத்து, கம்பெனி பொருத்திய பியூயல் பம்ப்பும் இன்ஜெக்டரும் முழு பூஸ்ட்டில் அவ்வளவு எரிபொருளைக் கொடுக்க முடியாமல் திணறுவது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின்களில் உயரழுத்த பம்ப்தான் முதலில் கைவிரிக்கும். எரிபொருள் போதாமல் கலவை லீன் ஆனால் பிஸ்டன் உருகும். சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ அசெம்பிள் செய்யும் எம்340ஐ ஆனாலும் சரி, சின்ன 1 லிட்டர் டர்போ ஆனாலும் சரி, இதில் விலக்கில்லை.

அதனால் வரிசை முக்கியம். முதலில் பம்ப், இன்ஜெக்டர். அடுத்து எத்தனால் தாங்கும் ஹோஸ், ஓ-ரிங். பிறகு எரிபொருள் குழாயில் எத்தனால் சென்சார். எத்தனாலும் பெட்ரோலும் மின்புலத்துக்குக் காட்டும் வேறுபாட்டை வைத்து அது சதவீதத்தைக் கணித்து, அலைவெண்ணாக ஈசியூவுக்குச் சொல்லும்: எத்தனாலே இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150. அதற்குப் பிறகுதான் ரீமேப், அதாவது ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதுவது. பூஸ்ட்டைக் கூட்டுவது கடைசி வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சரி, எத்தனால் எங்கே கிடைக்கும்? மணலி சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பதில்லை; தண்டையார்பேட்டை போன்ற எண்ணெய் முனையங்களில்தான் கலந்து டேங்கர் லாரியில் ஏற்றுகிறார்கள். 20 சதவீதக் கலவை 2023 பிப்ரவரியில் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இப்போது அதுதான் சாதாரணப் பெட்ரோல். 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் ‘எத்தனால் 100’ என்ற எரிபொருளை ஐந்து மாநிலங்களில் 183 பெட்ரோல் பங்க்குகளில் அறிமுகப்படுத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெயர் 100 என்றாலும் அதில் எத்தனால் சுமார் 93 சதவீதம், மீதி பெட்ரோலும் கரைப்பானும். ஓசூர் டிவிஎஸ் 2019-லேயே இத்தகைய எரிபொருளுக்கென அப்பாச்சி ஆர்டிஆர் 200 பைக்கை வெளியிட்டது.

கணக்கு இப்படி வரும். 20 சதவீதப் பெட்ரோல் 30 லிட்டரோடு எத்தனால் 100-ஐ 10 லிட்டர் சேர்த்தால், 40 லிட்டரில் 15.3 லிட்டர் எத்தனால். அதாவது 38 சதவீதம். சென்சார் இல்லாத வண்டிக்கு இந்தக் கணக்கை நம்பி ஊற்றக்கூடாது. முந்தைய டேங்கில் எவ்வளவு மிச்சம், அதில் எத்தனை சதவீதம் என்று யாருக்குத் தெரியும்?

சதவீதத்தைத் தோராயமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. அடுப்பு, பீடி எதுவும் இல்லாத திறந்தவெளியில், 100 மில்லி அளவுக் குழாயில் 50 மில்லி தண்ணீர், 50 மில்லி எரிபொருள் ஊற்றி, மூடிக் குலுக்கி நிறுத்துங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்விடும், பெட்ரோல் மேலே மிதக்கும். பிரிகிற கோடு 50-லிருந்து 60-க்கு ஏறியிருந்தால் 10 மில்லி எத்தனால். அதாவது 20 சதவீதம்.

கோடு ஏறியதற்குக் காரணமான இந்தத் தண்ணீர்ப் பாசம்தான் கடலோரத்தில் தொல்லையும். ராயபுரம், காசிமேடு, எர்ணாவூர் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அலுமினியம், துத்தநாகப் பாகங்கள் அரிக்கும். ஓட்டாத வண்டியில் இதைத் தேக்கி வைக்காதீர்கள். இன்ஜின் ஆயிலையும் சீக்கிரமே மாற்றுங்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இருக்கும் காலை ஸ்டார்ட்டிங் சிக்கல் மட்டும் நமக்கில்லை. மார்கழி விடியலில்கூட இங்கே 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தொழிற்பேட்டைப் பக்கம் டிரம்மில் "ஸ்பிரிட்" மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். அது மெத்தனாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதுதான். அலுமினியத்தையும் அது கடுமையாக அரிக்கும். உரிமம் இல்லாமல் தொழிற்சாலை ஆல்கஹால் வைத்திருப்பதே குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. வாரண்டி, இன்சூரன்ஸ் கோரிக்கைகளும் நிற்காது.

ஆகவே, தம்பி, வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டாதே. கூடுதல் ஆக்டேன் வேண்டுமென்றால் 100 ஆக்டேன் பெட்ரோல் போதும். பந்தயத் தடத்துக்கென்றே தனியாக ஒரு வண்டி கட்டுகிறாய் என்றால் எத்தனால் அருமையான எரிபொருள். பம்ப், சென்சார், ரீமேப் மூன்றுக்கும் காசு சேர்ந்த பிறகு ஊற்று. அதுவரை ஒரு லிட்டர்கூட வேண்டாம்.