பாசிக்கு மருந்து தேடாதீங்க... பட்டினி போடுங்க!

"டாக்டர், நீங்க சித்த வைத்தியர்தானே... தொட்டியில படர்ற பாசிக்கு ஏதாவது மூலிகை இருக்கா?"

நாடி பார்த்து, சூரணப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது இப்படிக் கேட்பவர்கள் நெய்வேலியில் நிறையப் பேர். காரணம் இருக்கிறது. இந்த டவுன்ஷிப்பில் பெரும்பாலான வட்டங்களில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இடம் உண்டு. மா, பலா, முருங்கை, வாழை வைத்தது போக, கொல்லை மூலையில் ஒரு சின்னக் குளம். நாலு அல்லி, பத்து மீன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்!

பங்குனி வெயில் ஏறினதும் வருகிறது வினை. தெளிவாக இருந்த தண்ணீர் ஒரே வாரத்தில் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிடுகிறது. உடனே ஒருத்தர் "மயில்துத்தம் போடுங்க" என்பார். இன்னொருத்தர் "பிளீச்சிங் பவுடர்தான் சரி" என்பார். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இது ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

பாசிக்கு யார் சாப்பாடு போடுவது?

காய்ச்சல் எப்படி ஒரு அறிகுறியோ, அப்படித்தான் பாசியும். தண்ணீரில் உரச்சத்து மிஞ்சிப் போச்சு, வெயிலும் தாராளமாகக் கிடைக்குது என்பதற்கு அது அடையாளம்.

1973-ல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபக்கம் அந்த இரண்டோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று பாசி மண்டியது! ஏரிக்குச் சொன்ன பாடம்தான் நம் கொல்லைக் குளத்துக்கும்.

நம்ம வீட்டில் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? மீன் தின்னாமல் விட்ட தீவனம், மீனின் கழிவு, வாழைக்குப் போட்ட டி.ஏ.பி. உரம் மழையில் கரைந்து வருவது, எருக்குழிச் சாறு, துணி துவைத்த சோப்புத் தண்ணீர், குளத்தில் விழுந்து அழுகும் பலா இலை... அத்தனையும் பாசிக்கு விருந்துதான்.

எந்தப் பாசி பயப்பட வேண்டியது?

எல்லாப் பாசியும் விஷமல்ல. ஒரு குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். தலைமுடி மாதிரி இழை இழையாகக் குச்சியில் சுற்றிக்கொண்டால் அது பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. எடுத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் இதுவும் அடர்ந்து கிடந்தால், கொசுப்புழு மீன் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள வசதியாகிவிடும்.

குச்சியில் எதுவும் சுற்றாமல், பெயிண்ட் கொட்டின மாதிரி குச்சியில் அப்பிக்கொண்டு வந்தால், கூடவே அழுகல் வாடையும் அடித்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இதில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். 'மைக்ரோசிஸ்டின்' என்று பெயர். 1996-ல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில், இந்த நஞ்சு கலந்த தண்ணீர் சிறுநீரக நோயாளிகளின் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்விட்டது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் குழாய்த் தண்ணீரில் இதே நஞ்சு தெரிய, ஊரே சில நாட்கள் குடிநீருக்குத் திண்டாடியது.

இன்னொன்று தெரியுமா? தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது!

நம் தொட்டித் தண்ணீரை யாரும் குடிக்கப் போவதில்லை, வாஸ்தவம். ஆனால் குழந்தை கையை விட்டு அளையும், அந்தக் கையை வாயில் வைக்கும். நாய் நக்கிக் குடிக்கும். அதனால் இப்படிப்பட்ட தண்ணீர் என்று சந்தேகம் வந்தால், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் கிட்டே விடாதீர்கள். மேலே பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தோல் அரிப்பு, கண் எரிச்சல், வாந்தி, பேதி கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "ஈரலுக்குத்தான் கீழாநெல்லி இருக்கே!" என்று வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

மயில்துத்தம் போடலாமா?

வேண்டவே வேண்டாம். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. எங்கள் வைத்தியத்தில் அதை முறைப்படி சுத்தி செய்யாமல் தொடவே மாட்டோம். குளத்தில் போட்டால் பாசி சாகும், கூடவே மீனும் நத்தையும் சாகும். செம்பு அடிச்சேற்றில் தங்கிவிடும். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவை இழுத்துக்கொள்வதால், மிச்ச மீன்களும் மூச்சுத் திணறிப் போகும். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால், அது வெடித்து உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் தண்ணீரில் கலந்துவிடும். அழுகின பாசியே மறுபடி உரமாகி, அடுத்த தடவை இன்னும் அடர்த்தியாக வளரும். பிளீச்சிங் பவுடரும் மீனுக்கு எமன்தான்.

"அப்போ தேற்றான்கொட்டை?" என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கலங்கல் தண்ணீரை ஊற்றுமுன் பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை இழைப்பார்கள். மண் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். அருமையான பொருள்தான். ஆனால் அது படிய வைப்பது கலங்கலை. தண்ணீரில் கரைந்திருக்கும் உரச்சத்தை எடுக்காது. காரணம் அப்படியே இருக்க, பாசி மறுபடி வரும்.

பின்னே என்னதான் செய்வது?

• தீவனத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கிற அளவு போதும். மீன்களின் எண்ணிக்கையும் அளவோடு இருக்கட்டும்.

• குளத்தின் விளிம்பைத் தரையைவிட அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்து உரத் தண்ணீர் உள்ளே வழியாது.

• நிழல் கொடுங்கள். தண்ணீரின் மேற்பரப்பில் பாதிக்குமேல் அல்லி, தாமரை இலை மூடியிருந்தால் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. அந்தச் செடிகள் உரச்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். நம் பெரியவர்கள் குளத்தில் தாமரை வளர்த்ததில் அழகு மட்டுமா இருந்தது?

• தானாக மிதந்து பரவும் ஆகாயத்தாமரையை மட்டும் விடாதீர்கள். அதன் வேரில் ஒட்டிக்கொண்டுதான் மான்சோனியா கொசுப்புழு மூச்சு விடும். கேரளத்துச் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோய் பரவ இந்தக் கொசு ஒரு முக்கியக் காரணம்.

• இழைப்பாசியை வாரம் ஒருமுறை குச்சியில் சுற்றி எடுத்துவிடுங்கள். உதிர்ந்த இலைகளையும் அன்றன்றைக்கு அள்ளிவிடுங்கள். எடுத்த பாசியைக் காய வைத்து வாழைக்குப் போட்டால் நல்ல உரம். அது குளத்துக் கரையிலேயே கிடந்தால் மழையில் திரும்ப உள்ளே போய்விடும்.

• மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக இறைத்துக் கொட்டாதீர்கள். கால் பங்கு எடுத்துவிட்டு, ஒருநாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். குளோரின் வாடை போயிருக்கும். இறைத்த தண்ணீர் மரத்துக்குப் போகட்டும், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

• கொசுவுக்குக் கப்பி மீன் நாலைந்து விடுங்கள். கொசுப்புழுவை அது பார்த்துக்கொள்ளும்.

• குளத்து ஓரத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி வளர்த்தால் அழகாக இருக்கும். ஆனால் பச்சையாக மென்று தின்னும் கீரை அந்தத் தண்ணீரில் வளரக் கூடாது. சமையலுக்குத் தனித் தொட்டியில் போடுங்கள்.

சுருள்பாசி மாத்திரை மட்டும் நல்லதா?

நியாயமான கேள்வி. சத்து மாத்திரையாக விற்கிற சுருள்பாசியும் நீலப்பச்சை இனம்தான். ஆனால் அது தனியாகத் தொட்டி கட்டி, தண்ணீரின் தன்மையைச் சோதித்து வளர்க்கப்படுவது. அதை நினைத்துக்கொண்டு கொல்லைப் பாசியை யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

மேலே சொன்னதைச் செய்தால் மறுநாளே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடாது. அல்லி இலை விரிந்து மூடவே சில வாரம் ஆகும். அதுவரை லேசான பச்சை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மீன் அதிகாலையில் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகிறதா என்பதை மட்டும் தினமும் பாருங்கள். ராத்திரியில் பாசியும் பிராணவாயுவை இழுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அது குறைச்சலாக இருக்கும். திணறினால் ஒரு குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள், காற்று கலந்துவிடும். அன்றைக்கு முழுக்கத் தீவனமும் போடாதீர்கள். வயிறு சரியில்லாதவனுக்கு லங்கணம் சொல்வோமே, குளத்துக்கும் அதே பத்தியம்தான்!