குடம் யார் கையில்? கைப்பேசி கேசினோ: ஓர் அறிமுகம்

தென்னேரி ஏரிக்கரையில் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். ஸ்கார்பரோவில் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. வீடியோவில் ஏரியைக் காட்டச் சொன்னான். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, கலங்கல் போனதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, ரூம்ல இருக்கிற பசங்க எல்லாம் போன்ல கேசினோ ஆடுறாங்க. இங்க சட்டப்படியே ஆடலாம். நானும் நூறு டாலர் போட்டுப் பாக்கலாமான்னு இருக்கேன். நீங்க கணக்கு வாத்தியாராச்சே, இது எப்படித்தான் வேலை செய்யுது, சொல்லுங்க."

பள்ளியில் முப்பது வருடம் நிகழ்தகவு நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? கரையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஊர் பார்க்க ஒரு குலுக்கல்

கேசினோவும் ஒரு குலுக்கல்தான். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களான எங்களுக்குக் குலுக்கல் புதிதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை அவை சொல்கின்றன. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு 6 பேர். குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். அதுதான் குடவோலை.

ஓலை எடுத்த விதம் இன்னும் சுவாரசியம். சின்னவர் பெரியவர் என்று சபையே கூடியிருக்கும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்து நின்று, குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். அவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடலாம் அல்லவா! அவர் படித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் மறுபடி படித்த பிறகுதான் பெயரை எழுதுவார்கள்.

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. எடுக்கிறவனுக்கு உள்ளிருப்பது தெரியாது. எல்லா ஓலைக்கும் ஒரே வாய்ப்பு. நடப்பது அத்தனையும் ஊரார் கண்ணெதிரே நடக்கிறது. கைப்பேசி கேசினோவை இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

சுழல்வது வெறும் படம்

கேசினோ செயலியைத் திறந்தால் அதிகம் கண்ணில் படுவது ஸ்லாட் விளையாட்டு. அதன் மூதாதை, சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே 1890களில் செய்த 'லிபர்ட்டி பெல்' எந்திரம். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுழன்று நிற்கும். மூன்றிலும் மணிப் படம் ஒரே வரிசையில் நின்றால் பெரிய பரிசு. உருளைக்குப் பத்து இடம் என்று வைத்துக்கொண்டால், 10×10×10, ஆக 1,000 விதமாக நிற்கலாம். கண்ணால் எண்ணிவிடக் கூடிய கணக்கு.

பரிசைப் பெரிதாக்க வேண்டுமானால் அது விழும் வாய்ப்பைக் குறைக்க வேண்டும். அதற்கு உருளையைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. டெல்னஸ் என்ற நார்வேக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1984இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். எங்கே நிற்பது என்பதை உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு ஓர் எண்ணாகத் தேர்ந்தெடுக்கும். உருளை அந்த முடிவைக் காட்டுவதோடு சரி. வெளியே தெரியும் உருளையில் 22 இடம் இருந்தால் 10,648 விதம்தான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத உருளைக்கு 64 இடம் கொடுத்தால் அது 2,62,144 ஆகிவிடும். ஆடுகிறவர் பார்ப்பது ஒரு குடம், ஓலை எடுப்பது இன்னொரு குடத்தில்.

கைப்பேசியில் அந்த வெளி உருளையும் இல்லை. பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் முடிவு தீர்மானமாகிவிடுகிறது. அப்புறம் இரண்டு மூன்று விநாடி சுழல்வது படம். "சரியான நேரத்தில் தொட்டேன், விழுந்தது" என்று சொல்பவர், ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும் பழைய கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கைதட்டி சிக்ஸர் வரவழைத்தவர்.

குடத்துக்குள் இருக்கும் கணக்கு

கணினியால் குலுக்க முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் அதற்குத் தாறுமாறு என்பதே தெரியாது. அதனால் தாறுமாறாகத் தோன்றும் எண்களைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள். சிறிதாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஓர் எண்ணை எடுத்து 5ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 7இல் தொடங்கினால் 35, 38, மீதி 6. ஆறிலிருந்து 33, மீதி 1. இப்படியே போனால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12 என்று வரும். சூத்திரம் தெரியாதவருக்கு இதில் ஒழுங்கு இருப்பதாகவே தோன்றாது.

தொடங்கிய அந்த 7தான் விதை எண். விதையும் சூத்திரமும் தெரிந்தவருக்கு அடுத்த எண் எப்போதும் தெரியும். எனவே நிஜமான விளையாட்டுகளில் மிகப் பெரிய எண்களைப் பயன்படுத்துகிறார்கள். சில்லுக்குள் உண்டாகும் மின் இரைச்சல் போன்ற யாராலும் யூகிக்க முடியாதவற்றிலிருந்து விதை எடுக்கிறார்கள். ஒழுங்கான உரிமம் பெற்ற கேசினோவில் இந்த எண்ணாக்கியைத் தனிச் சோதனைக் கூடங்கள் லட்சக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்துச் சான்று தருகின்றன. அந்த நம்பிமாரின் வேலையை இந்தக் கூடங்கள் செய்கின்றன. உரிமம் இல்லாத செயலியில் குடத்தைத் தூக்கிக் காட்ட யாருமே இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குடவோலையில் எடுத்த ஓலை குடத்துக்குத் திரும்பாது. அதனால் ஓலை எடுக்க எடுக்க மிச்சமிருப்பவர்களின் வாய்ப்பு கூடும். ஸ்லாட்டில் எடுத்த ஓலையை ஒவ்வொரு முறையும் உள்ளே போட்டுக் குலுக்கிவிடுகிறார்கள். ஐம்பது முறை விழாதிருந்தாலும் ஐம்பத்தோராவது முறைக்கு அதே பழைய வாய்ப்புதான். 'ரொம்ப நேரமா விழலை, இனி விழுந்தே தீரும்' என்பது முதல் வகைக் குடத்துக்குச் சரி. இரண்டாம் வகைக் குடத்தில் அந்த நினைப்பு காசைத் தின்னும்.

மதகில் ஒரு கசிவு

சரி, குடம் நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கேசினோ எப்படிப் பிழைக்கிறது? ரூலெட் சக்கரத்தைப் பார்த்தால் புரியும். ஐரோப்பிய ரூலெட்டில் 1 முதல் 36 வரை எண்கள், அவற்றோடு ஒரு பூஜ்யம், ஆக 37 குழிகள். ஓர் எண்ணில் 100 டாலர் கட்டி ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்து 3,600 டாலர் கிடைக்கும். 37 முறை ஆடி, சராசரியாக ஒரு முறை ஜெயித்தால் போட்டது 3,700, வந்தது 3,600. அந்த ஒற்றைப் பூஜ்யத்தின் வழியாக நூற்றுக்கு 2.7 ஒழுகுகிறது. அமெரிக்க ரூலெட்டில் இரண்டு பூஜ்யம், கசிவு 5.26.

ஸ்லாட்டில் இதையே 'ஆர்.டி.பி. 95%' என்று விளையாட்டின் விவரப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். நூறு கட்டினால் நீண்ட கால சராசரியில் 95 திரும்பும் என்று பொருள். புதிதாக ஆடுகிறவர் 'நூறில் ஐந்துதானே போகிறது' என்று நினைத்துக்கொள்வார். திரும்பி வந்த 95ஐ அவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லையே, மறுபடி கட்டுகிறார். 1,000 டாலரை முழுதாகப் பத்துச் சுற்று விட்டால் சராசரியில் மிஞ்சுவது 599. இருபது சுற்றில் 358. ஐம்பது சுற்றில் 77.

இதில் ஜெயிப்பவர்கள் உண்டு. தினமும் உண்டு. ஒருவர் மடையில் தண்ணீர் கூடுதலாகப் பாயலாம், இன்னொருவர் வயல் காயலாம். மொத்த ஏரியின் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வேகமும் போனஸும்

அந்தக் காலத்து எந்திரத்தில் காசு போட்டு, கைப்பிடியை இழுத்து, உருளை நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் நிமிடத்துக்குப் பத்து முறை சாதாரணமாகத் தொடலாம். ஒரு தடவைக்கு ஒரு டாலர் என்றால் மணிக்கு 600 டாலர் பந்தயம். ஐந்து சதவீதக் கசிவில் மணிக்கு 30 டாலர் போகும். கையில் இருப்பது நூறு டாலர்தான் என்றாலும், சுற்றிச் சுற்றி அறுநூறு டாலருக்கு ஆடியிருப்போம். பிரிட்டன் 2021இல் இணைய ஸ்லாட்டுகளுக்கு ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டரை விநாடி என்று விதி கொண்டுவந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அடுத்தது, புதியவருக்கு விரிக்கும் கம்பளம். '100 டாலர் போனஸ்' என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் '35 மடங்கு ஆடிய பிறகே எடுக்கலாம்' என்று இருக்கும். அதாவது 3,500 டாலருக்குப் பந்தயம் கட்ட வேண்டும். ஐந்து சதவீதக் கசிவில் அதற்கு 175 டாலர் போகும். இலவசமாக வந்த நூறை எடுக்க நூற்று எழுபத்தைந்து செலவு.

தோற்றாலும் சலங்கை ஒலி

எந்திரத்தின் மறுபாதி நம் தலைக்குள் இருக்கிறது. எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் சலிக்காமல் பொத்தானைக் கொத்திக்கொண்டே இருக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைக்கூடத்தில் காட்டினார். கொத்தும்போதெல்லாம் விழுந்தால், தீனியை நிறுத்தியதும் அவையும் சீக்கிரம் விட்டுவிடும். ஸ்லாட்டின் பரிசுகள் முன்னதைப் போல, எப்போது என்று தெரியாமல் விழுபவை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டிக்சன், ஹாரிகன் முதலானோர் 2010இல் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். இன்றைய ஸ்லாட்டில் ஒரே தடவையில் இருபது வரிசைகளில் பந்தயம் கட்டலாம். ஒரு டாலர் கட்டி முப்பது காசு திரும்பினாலும் திரை மின்னும், நாணயம் கொட்டும் ஓசை கேட்கும். எழுபது காசு போயிருக்கிறது, உடம்போ ஜெயித்ததுபோலச் சிலிர்க்கிறது. 'வெற்றி வேடமிட்ட தோல்வி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு மணி விழுந்து மூன்றாவது ஒரு படி தள்ளி நிற்பதும் இதே ஜாதி. மயிரிழையில் தவறிய ஆட்டங்களும் மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளைத் தூண்டுகின்றன என்று லூக் கிளார்க் குழுவினர் 2009இல் வெளியிட்டார்கள். கணக்கில் அது வெறும் தோல்வி. மனசுக்கு அது 'அடுத்த தடவை நிச்சயம்'.

அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம்

கனடாவில் சூதாட்டத்தை நடத்தும் பொறுப்பு மாகாண அரசுகளுடையது. ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் நிறுவனங்களையும் உரிமத்தோடு இணையக் கேசினோ நடத்த அனுமதிக்கிறது. 19 வயது ஆகியிருக்க வேண்டும். எவ்வளவு பணம் போடலாம், எவ்வளவு நேரம் ஆடலாம் என்று முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொள்ளும் வசதியும், 'என்னை உள்ளே விடாதே' என்று தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் வசதியும் அங்கே உண்டு.

நம் பக்கத்துக் கதை வேறு. பரிசுச் சீட்டை அரசே நடத்தி, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற ஊர் இது. 2003இல் லாட்டரிக்குத் தடை வந்தது. பிறகு கைப்பேசியில் ரம்மி வந்தது. கடனில் சிக்கி உயிர்விட்டவர்களின் செய்தியும் கூடவே வந்தது. நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை தந்தது. அதன் பின் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அவற்றை அந்தத் தடையிலிருந்து உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கையே ஓரம்கட்டி, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டையும் தடை செய்தது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆகவே, ஸ்கார்பரோவில் உரிமத்தோடு நடப்பது தென்னேரியில் குற்றம். 'இங்கேயும் ஆடலாம்' என்று இணைப்பு அனுப்பும் செயலி எதுவானாலும் அது எந்தக் கண்காணிப்புக்கும் உட்படாத குடம். இந்தப் பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் பேசலாம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கைப்பேசியை நான் பிடித்திருந்த வாக்கில் அவனுக்கு மதகு தெரிந்திருக்கிறது. அங்கே ஏரித் தண்ணீரைக் கவனிக்கும் நீர்க்கட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று வைக்கோல் பிரியையும் களிமண்ணையும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னமும் அந்த மதகு ஒழுகுதா மாமா?"

"ஒழுகுது."

"கொஞ்சமாத்தானே ஒழுகும். எதுக்கு இருட்டுற நேரத்துல எறங்கி நிக்கிறாரு?"

நான் பதில் சொல்வதற்குள், கீழேயிருந்து அவரே தலையைத் தூக்காமல் சொன்னார். "சித்திரை வரைக்கும் தண்ணி நிக்கணும்ப்பா."