வயலுக்குப் பக்கத்தில் பிளாட் வருகிறதா? விற்கும் முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

வேலை மதுரையில், வீடு ஊருக்கு வெளியே. காலையில் பைக்கிலோ பஸ்ஸிலோ டவுனுக்குப் போய், இரவு வந்து படுக்கும் குடும்பங்கள் மதுரையைச் சுற்றிப் பெருகி வருகின்றன. டவுனைவிட வாடகை குறைவு, சொந்தமாக நாலு சென்ட் வாங்கி வீடு கட்டலாம், காற்றும் நன்றாக இருக்கும் என்று வருகிறார்கள். அவர்கள் வீடு கட்டும் இடம் பெரும்பாலும் நேற்று வரை நாம் உழுத நிலம்.

தரகர் உங்கள் வரப்பில் வந்து நிற்கும் நாளில் விலை ஒன்றுதான் பேச்சாக இருக்கும். அதற்கு முன் வரி, அளவு, பத்திரம், வாய்க்கால் ஆகியவற்றின் கணக்கையும் நீங்கள் பார்த்து வைத்திருக்க வேண்டும். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். இந்தக் கணக்குகள் தெரியாமல் முடிவெடுத்தால்தான் நஷ்டம்.

பசுமலையைப் பாருங்கள்

அமெரிக்க மிஷன் 1845-இல் பசுமலையில் தன் கல்விக்கூடத்தை அமைத்தபோது அது மதுரைக்கு வெளியே இருந்த ஒரு குன்றடி. பிறகு மில் வேலைக்காரர்களுக்காக ஹார்விபட்டி வந்தது, திருநகர் வந்தது. 2011-இல் திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் உள்ளிட்ட பகுதிகள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. 72 ஆக இருந்த வார்டுகள் 100 ஆயின. மாநகராட்சியின் பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து சுமார் 148 சதுர கிலோமீட்டர் ஆனது.

இப்போது அதே சாலையில் இன்னும் தெற்கே, தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய பிறகு, திருமங்கலம் வரை மனை விளம்பரப் பலகைகள்தான். நகரம் சாலை வழியாக வளரும். உங்கள் ஊர் நாலுவழிச் சாலைக்கோ ரிங் ரோட்டுக்கோ பக்கத்தில் இருந்தால், இன்று இல்லாவிட்டாலும் சில ஆண்டுகளில் இந்தக் கேள்வி உங்களிடமும் வரும்.

முதல் கணக்கு: 8 கிலோமீட்டர்

“விவசாய நிலத்தை விற்றால் வருமான வரி கிடையாது” என்று பலரும் நம்புகிறார்கள். இது பாதிதான் உண்மை. கிராமப்புற விவசாய நிலத்துக்குத்தான் அந்தச் சலுகை. நகராட்சி அல்லது மாநகராட்சி எல்லைக்குள் உள்ள நிலத்துக்கு அது இல்லை. எல்லைக்கு வெளியே இருந்தாலும் கீழ்க்கண்ட தூரத்துக்குள் இருந்தால் வரி உண்டு:

- மக்கள்தொகை 10 ஆயிரத்துக்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகரம்: எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர்
- 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை: 6 கிலோமீட்டர்
- 10 லட்சத்துக்கு மேல்: 8 கிலோமீட்டர்

2011 மக்கள்தொகைக் கணக்கில் மதுரை மாநகராட்சி 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே மதுரைக்கு 8 கிலோமீட்டர் கணக்கு. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி நகராட்சிகளுக்கு 2 கிலோமீட்டர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தூரத்தைப் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து அளக்கக் கூடாது, மாநகராட்சி எல்லையிலிருந்து அளக்க வேண்டும். எல்லை வெளியே நகர்ந்தால் 8 கிலோமீட்டர் வட்டமும் வெளியே நகரும். அதோடு, ரோட்டு வழியாகச் சுற்றி அளக்கக் கூடாது, நேர்கோட்டில் அளக்க வேண்டும். ரோட்டில் 10 கிலோமீட்டராக இருக்கும் வயல் நேர்கோட்டில் 8-க்குள் வந்துவிடலாம். தோப்பூர், நிலையூர் பக்கத்து விவசாயிகள் விலை பேசும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு எடுத்துக்காட்டு. அப்பா வழியில் வந்த நிலத்தை 44 லட்சத்துக்கு விற்கிறீர்கள். 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 40 லட்சம். இப்போதைய 12.5 சதவீத விகிதத்தில் வரி சுமார் 5 லட்சம். வட்டத்துக்கு வெளியே, சாகுபடியில் உள்ள கிராம நிலமாக இருந்தால் இந்த 5 லட்சம் கிடையாது. 2024 ஜூலை 23-க்கு முன் உங்கள் கைக்கு வந்த நிலமாக இருந்தால், விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வழியும் இருக்கிறது. எது குறைவு என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் வீண் செலவு அல்ல.

வரியை மிச்சப்படுத்த ஒரு வழி

வட்டத்துக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்று, இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கு லாபத்துக்கு வரி விலக்கு கிடைக்கும். திருமங்கலம் பக்கம் ஒரு ஏக்கரை விற்று, இன்னும் உள்ளே தள்ளி மூன்று ஏக்கர் வாங்கி விவசாயத்தைத் தொடர நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. புதிதாக வாங்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்கு விற்கக் கூடாது. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் நிலம் அமையவில்லை என்றால், பணத்தை வங்கியில் இதற்கென்று உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்கு கிடைக்காது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் நீங்களோ உங்கள் பெற்றோரோ அந்த நிலத்தில் விவசாயம் செய்திருக்க வேண்டும். “எப்படியும் பிளாட் ஆகப்போகிறது” என்று நிலத்தைத் தரிசாகப் போட்டால் இந்தச் சலுகை கையைவிட்டுப் போகும். எள்ளோ உளுந்தோ எதையாவது விதையுங்கள். அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடங்கல்தான் உங்கள் சாட்சி.

இரண்டாவது கணக்கு: ஏக்கர் விலையா, சென்ட் விலையா?

பக்கத்து லேஅவுட்டில் சென்ட் இன்ன விலைக்குப் போகிறது, நமக்கு அதில் பாதிகூடத் தரவில்லையே என்று மனக்குறை வருவது இயல்பு. ஆனால் ஒரு ஏக்கரின் 100 சென்டும் மனையாகாது. சாலை, பூங்காவுக்கான பொது இடம் எல்லாம் போகப் பொதுவாக 60 முதல் 65 சென்ட்தான் மனையாக மிஞ்சும். அனுமதிச் செலவு, சாலைச் செலவு, விற்று முடியும் வரை வட்டி ஆகியவையும் உண்டு. இவற்றைக் கழித்துப் பார்த்து, மிச்சத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பேசுங்கள். அப்போது தரகர் சொல்லும் விலை நியாயமா என்பது உங்களுக்கே தெரியும்.

நாமே துண்டு போட்டு விற்றால் என்ன என்று சிலர் இறங்குகிறார்கள். அனுமதி பெறாத பிரிவில் உள்ள மனையை, 2016 அக்டோபர் 20-க்கு முன்பே அது மனையாகப் பத்திரம் ஆகியிருந்தால் தவிர, இன்று பதிவு செய்ய முடியாது. நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் வேளாண்மைத் துறையின் கருத்தும் தேவைப்படும். அனுமதி வாங்காமல் அட்வான்ஸ் வாங்கிவிட்டால், பத்திரம் போட முடியாமல் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது கணக்கு: பத்திரமும் பணமும்

- பவர் பத்திரம்: முழுப் பணம் கைக்கு வரும் முன் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். பவர் வாங்கியவர் உங்கள் பெயரில் மனைகளை விற்றுக்கொண்டே போகலாம். பாக்கிக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.
- ஒப்பந்தம்: விலை, தவணை, கெடு, கெடு தவறினால் என்ன என்பதை எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சில் ஆறு மாதம் நிலத்தைக் கட்டிப்போட விடாதீர்கள்.
- ரொக்கம்: நிலத்துக்கு அட்வான்ஸாகவோ விலையாகவோ 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். இந்த அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு. வங்கி வழியாகவே வாங்குங்கள்.
- குறைத்து எழுதுவது: பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் கணக்கில் வராத மீதிப் பணத்தைக் காட்டி நாளை வேறு நிலம் வாங்க முடியாது, வரி விலக்கும் கேட்க முடியாது.
- கூட்டுப் பட்டா: அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோர் பங்கும் தெளிவாக இருக்கட்டும். பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து, அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உட்பிரிவை முதலில் முடித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

நான்காவது கணக்கு: வாய்க்கால், பாதை, கிணறு

நிலத்தை விற்காதவருக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் பொருந்தும். உங்கள் மேல்மடைக்காரர் விற்றுவிட்டால், உங்கள் வயலுக்கு வரும் வாய்க்கால் யாரோ ஒருவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் போய்விடலாம். மதுரையில் இது புதிதல்ல. உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில். செல்லூர்க் கண்மாயைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளில் 2024 அக்டோபர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் வழி அடைபட்டால் கோடையில் வயலுக்குத் தண்ணீர் வராது, மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். இதில் விவசாயிக்கும் புதிதாகக் குடிவந்தவருக்கும் நஷ்டம் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை:

1. புலப்படத்தில் உங்கள் வாய்க்காலும் வண்டிப்பாதையும் எந்தப் புல எண் வழியாகப் போகின்றன என்று இப்போதே குறித்துவையுங்கள். அரசுப் புறம்போக்கு வாய்க்காலா, பட்டா நிலத்தில் பழக்கத்தில் வரும் வாய்க்காலா என்று பாருங்கள். இரண்டாவது வகைதான் முதலில் காணாமல் போகும்.
2. பக்கத்து நிலம் விலை பேசப்படுகிறது என்று தெரிந்ததும், வாய்க்கால், பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். கிணற்றுப் பங்கு இருந்தால் அதையும் எழுத வேண்டும்.
3. லேஅவுட் அனுமதி கேட்கப்படும்போதே ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சுவர் எழும்பிய பிறகு கொடுக்கும் மனுவுக்குப் பலன் குறைவு.
4. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கண்மாய், வாய்க்கால் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

இலவச மின் இணைப்பில் ஓடும் மோட்டாரிலிருந்து டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்காதீர்கள். அந்த இணைப்பு சாகுபடிக்கு மட்டும். புகார் போனால் இணைப்பே போய்விடும்.

ஐந்தாவது கணக்கு: வந்தவர்கள் வாங்குபவர்களும்தான்

நூறு வீடு வந்தால், தினமும் கீரை, காய், பால், முட்டை, தேங்காய் வாங்கும் நூறு அடுப்பு வந்திருக்கிறது என்று பொருள். மொத்த மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பினால் வண்டி வாடகை, கமிஷன், எடைக் கழிவு எல்லாம் போகும். உங்கள் வரப்புக்கு எதிரிலேயே வாங்குபவர் இருந்தால் அது அத்தனையும் மிச்சம்.

நிலம் முழுவதையும் மாற்ற வேண்டாம். 10 சென்ட்டில் தொடங்குங்கள். அதை ஐந்து பாத்தியாகப் பிரித்து, வாரம் ஒரு பாத்தியில் முளைக்கீரை அல்லது சிறுகீரை விதையுங்கள். விதைத்த 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வரும் என்பதால், முதல் மாதத்துக்குப் பிறகு வாராவாரம் விற்கக் கீரை இருக்கும். அரைக்கீரை போட்டால் ஒரே விதைப்பில் பலமுறை அறுக்கலாம். வரப்போரம் முருங்கை, வாழை, கறிவேப்பிலை வையுங்கள்.

மல்லிகை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுச் செடியை அழிக்க வேண்டாம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி, தைக் குளிரில் வரத்து குறைந்து விலை ஏறும் காலத்தில் கொஞ்சம் பூவும் நல்ல காசு.

உழவர் சந்தையும் இருக்கிறது. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அடையாள அட்டை வாங்கிவிட்டால் கமிஷன் இல்லாமல் விற்கலாம். நிலத்தை முழுவதும் விற்றவருக்கு அந்த அட்டை கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்கத்து வீட்டாரோடு

டவுனிலிருந்து வந்தவருக்குச் சாணி வாடையும் அதிகாலை மோட்டார் சத்தமும் பழக நாளாகும். சண்டை வேண்டாம். மருந்து தெளிப்பதைக் காற்று அடங்கிய மாலை நேரத்தில் வைத்து, முன்கூட்டியே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். வீடுகள் பக்கம் உள்ள வரப்பில் அகத்தியோ கிளுவையோ உயிர்வேலியாக வையுங்கள். தூசும் மருந்தும் அந்தப் பக்கம் போவது குறையும், ஆடு மாடும் தாண்டாது.

அதேபோல் வீட்டுக் கழிவுநீரை வாய்க்காலில் விடுவதை முதல் குழாய் வைக்கும்போதே தடுங்கள். பத்து வீடு விட்ட பிறகு தடுப்பது கடினம். கழிவுநீர் கலந்த தண்ணீரைக் கீரைக்குப் பாய்ச்சவே கூடாது. உங்கள் கீரையை வாங்குவது அந்த வீட்டுக்காரர்தான் என்று எடுத்துச் சொன்னால் பலர் கேட்டுக்கொள்வார்கள்.

முடிவெடுக்கும் முன்

கல்யாணம், படிப்பு, கடன் என்று விற்க வேண்டிய நிலை வரலாம். அது தவறல்ல. சாலையோரத் துண்டை மட்டும் விற்று, கிணறும் வாய்க்காலும் உள்ள பகுதியை வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். விற்ற பணம் வேறு நிலமாக மாறுமா, இரண்டு வருடத்தில் செலவாகிவிடுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் சொத்து வரி கூடும், ஊரக வேலைத் திட்டத்தில் வேலை கிடைக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சாகுபடி, உழவர் சந்தை அட்டை பற்றிய சந்தேகங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களை அணுகலாம். ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியிலும் கேட்கலாம். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். வரிக்கு ஆடிட்டர், பத்திரத்துக்கு வக்கீல். இவர்களைப் பார்த்துவிட்டு அட்வான்ஸுக்குக் கை நீட்டுங்கள்.