சி.ஆர்.பி. கூடியிருக்கிறதா? பல்லையும் பாதத்தையும் முதலில் பாருங்கள்

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் இப்போது ஓசூர், கிருஷ்ணகிரி மட்டுமன்றிப் பர்கூர் வரை வந்துவிட்டன. அந்த அறிக்கைகளில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்குக் கீழே ‘எச்.எஸ். சி.ஆர்.பி.’ என்றொரு வரி இருக்கிறது. அதன் அருகில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று அச்சாகியிருந்தால், நீரிழிவு உள்ளவர் அன்றிரவு உறங்குவதில்லை. மறுநாள் எங்களிடம் வந்து, தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: “இதைக் குறைக்க மாத்திரை இருக்கிறதா?”

மாத்திரையைப் பற்றிப் பேசுமுன் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது இது கண்டறியப்பட்டது. உடலில் எங்கேனும் கிருமித் தொற்றோ காயமோ ஏற்பட்டால், அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 போன்ற வேதித் தூதுகள் கல்லீரலை எட்டுகின்றன. சில மணி நேரத்திலேயே சி.ஆர்.பி. உயரத் தொடங்குகிறது. கடும் தொற்றின்போது இது நூறு மடங்குக்கு மேலும் ஏறக்கூடும். பழைய பரிசோதனை இந்தப் பெரிய ஏற்றத்தை மட்டுமே காட்டியது. ‘எச்.எஸ்.’ என்ற நுண்ணிய முறையோ, காய்ச்சலும் வலியும் இன்றி மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் அழற்சியையும் அளந்து சொல்கிறது.

நீரிழிவில் அந்தப் புகைச்சல் எங்கிருந்து வருகிறது? முதன்மையான இடம் வயிறு. தொப்பையின் உள்ளே, குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்புப் பொருளன்று. அழற்சித் தூதுகளை ஓயாமல் சுரக்கும் திசு அது. சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழுவினர் ‘க்யூர்ஸ்’ எனப்படும் சென்னை நகர்ப்புற, ஊர்ப்புற ஆய்வின் ஒரு பகுதியை 2005இல் வெளியிட்டனர். நீரிழிவு இல்லாதவர்கள், நீரிழிவு மட்டும் உள்ளவர்கள், நீரிழிவோடு இதயநாள நோயும் உள்ளவர்கள் என மூன்று பிரிவினரின் சி.ஆர்.பி. அளவை அவர்கள் ஒப்பிட்டார்கள். நீரிழிவு உள்ள இரு பிரிவினரிடமும் அளவு கூடுதலாக இருந்தது. உடற்கொழுப்புக்கும் அதற்கும் தெளிவான தொடர்பும் காணப்பட்டது. நம் மக்களிடமே செய்யப்பட்ட ஆய்வு என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறோம்.

இந்தப் புகைச்சலால் பாதிக்கப்படுவது இரத்தநாளத்தின் உட்பூச்சு. நம் நாளங்கள் அனைத்தின் உட்புறத்திலும் ஒரே ஓர் அடுக்குச் செல்களாலான மெல்லிய படலம் விரிந்திருக்கிறது. குழாய்க்கு அடித்த வண்ணம்போல் அது சும்மா இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து நாளத்தைத் தளர்த்துகிறது, இரத்தம் உறைந்து ஒட்டாமல் காக்கிறது. இந்த வாயுவின் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை மிகுந்தும் அழற்சி தொடர்ந்தும் இருக்கும்போது படலம் தன் வேலையை மறக்கிறது. வெள்ளணுக்கள் அதில் ஒட்டுகின்றன, கொழுப்பு உள்ளே நுழைகிறது, சுவர் தடிக்கிறது. முன்கையை ஐந்து நிமிடம் பட்டையால் இறுக்கிப் பின்னர் தளர்த்தினால், நலமான தமனி பாய்ந்துவரும் இரத்தத்துக்கேற்ப விரிந்துகொடுக்கும். 2002இல் வெளியான மற்றொரு சென்னை ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் தமனி அவ்வாறு விரிவது குறைந்திருந்தது. நெஞ்சுவலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நாளம் விறைக்கத் தொடங்கிவிடுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

ஆகவே சி.ஆர்.பி. புகையைத்தான் காட்டுகிறது, நெருப்பு வேறெங்கோ இருக்கிறது. மரபணு அடிப்படையிலான பெரும் ஆய்வுகளும் இந்தப் புரதமே இதயநோயை உண்டாக்குவதில்லை என்றே காட்டியுள்ளன. புகையை மட்டும் விசிறிக் கலைப்பதால் வீடு தப்பாது.

அறிக்கையைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்பது 2003 முதல் வழக்கிலுள்ள அமெரிக்கப் பகுப்பு. 10ஐத் தாண்டினால் அதை இதயக் கணக்கில் வைக்காமல், தொற்று எங்கே என்று தேட வேண்டும். சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் கணக்கில் அச்சிடுகின்றன. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால்தான் லிட்டர் கணக்கு வரும். சளி, காய்ச்சல், பல்வலி, அடிபட்ட காயம் ஆகியவை இருக்கும் வாரத்தில் எடுத்த பரிசோதனைக்குப் பொருளில்லை. குணமான பின் இரண்டு வார இடைவெளியில் இருமுறை பார்ப்பதே முறை.

இரண்டு முறையும் கூடுதலாக இருந்தால்? நாங்கள் முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறோம். இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பதுண்டு. ஈறு நோய் நீரிழிவின் நெருங்கிய கூட்டாளி. பல் துலக்கும்போது இரத்தம் கசிவது, ஈறு வீங்கிச் சுருங்குவது, பல் ஆடுவது ஆகிய இவை வலிக்காத காரணத்தாலேயே ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகின்றன. வெற்றிலையோடு புகையிலை மெல்லுபவர்களிடம் இதை மிகுதியாகக் காண்கிறோம். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்றால் மூன்று நான்கு மாதங்களில் எச்.பி.ஏ.1சி. அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஒரு கூடுதல் மாத்திரை செய்யும் வேலையில் பாதியைப் பல் மருத்துவர் செய்து தந்துவிடுகிறார்!

அடுத்தது பாதம். பர்கூர் ஜவுளிக் கடைகளில் காலணியைக் கழற்றிவிட்டு நாள் முழுதும் நிற்பவர்கள் உண்டு. சிப்காட் ஆலைகளில் இறுக்கமான பாதுகாப்புக் காலணியோடு எட்டு மணி நேரம் நிற்பவர்கள் உண்டு. உணர்ச்சி குன்றிய பாதத்தில் கொப்புளம் எழுந்து உடைந்தாலும் தெரியாது. விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பில் சீழ், காய்ப்புக்கு அடியில் ஒளிந்த புண் என ஒவ்வொன்றும் சி.ஆர்.பி.யை ஏற்றிக்கொண்டே இருக்கும். பாதத்தின் இரு நாடித்துடிப்பையும் விரலால் தொட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அது மங்கியிருந்தால் கால் இரத்தநாளம் சுருங்கியிருக்கலாம்; கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டு அறியலாம்.

இனி மாத்திரைக்கு வருவோம். அழற்சி என்ற சொல்லைக் கேட்டதும் கடையில் வலி மாத்திரை வாங்கி உட்கொள்வோர் இருக்கிறார்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை நீரிழிவு உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. நாளத்தைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டுகின்றன. ‘வீக்கம் வற்றும்’ என்று பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை எகிறும். வீட்டில் எவரேனும் இவற்றைத் தொடர்ந்து உட்கொண்டால், தயவுசெய்து மறைக்காமல் அந்தப் பொட்டலத்தையே கொண்டுவந்து காட்டுங்கள்.

அழற்சியை நேரடியாகத் தாக்கும் மருந்துகளும் சோதிக்கப்பட்டுள்ளன. கனாகினுமாப் என்ற ஊசி, மாரடைப்பு கண்ட பத்தாயிரம் பேரிடம் சோதிக்கப்பட்டு 2017இல் முடிவு வெளியானது. மறு நிகழ்வுகள் சுமார் 15 விழுக்காடு குறைந்தன; ஆனால் உயிர்க்கொல்லித் தொற்றுகள் கூடின. மெத்தோட்ரெக்சேட் பயன் தரவில்லை. கொல்கிசின் 2019, 2020 ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது; 2024இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த நன்மை தென்படவில்லை. இதயநோய் ஏற்கெனவே உள்ள சிலருக்கு மருத்துவர் ஆராய்ந்து தரலாம் என்ற அளவிலேயே அது இன்று நிற்கிறது.

மாறாக, இதற்கு நேரெதிரான தவறுதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துகிறது. சி.ஆர்.பி. இயல்பாக இருப்பதைக் கண்டு ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 2008இல் வெளியான ஜூபிட்டர் ஆய்வு, கெட்ட கொழுப்பு மிகாமல் சி.ஆர்.பி. மட்டும் கூடியிருந்த 17,802 பேருக்கு ஸ்டாட்டின் பயன்பட்டதைக் காட்டியது. அந்த ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் சேர்க்கப்படவே இல்லை. நாற்பது வயதைக் கடந்த நீரிழிவாளர்களில் பெரும்பாலோருக்குச் சி.ஆர்.பி. எவ்வளவு இருந்தாலும் ஸ்டாட்டின் தேவை. எனவே அந்த மாத்திரையைத் தொடர்வதா, விடுவதா என்று முடிவுசெய்ய இந்தப் பரிசோதனையிடம் போக வேண்டியதில்லை.

கையில் ஒரு பரிசோதனைக்கு மட்டுமே பணம் இருந்தால் எதைச் செய்வது என்று கேட்டால், எங்கள் விடை சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். சிறுநீரகம் நுண்ணிய இரத்தநாளங்களின் முடிச்சு. அங்கே உட்பூச்சு கெட்டுப்போனால் ஆல்புமின் கசிந்து வெளியேறும். விகிதம் 30க்கு மேல் சென்றால் அது சிறுநீரகத்தின் செய்தி மட்டுமன்று, உடல் முழுவதுமுள்ள நாளங்களின் செய்தி. டென்மார்க்கின் ஸ்டெனோ மையத்தில் இத்தகைய கசிவு இருந்த 160 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதியினருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, உணவு, நடை, புகைவிடுதல் அனைத்தையும் ஒருசேரக் கண்டிப்பாகக் கவனித்தார்கள். ஏறத்தாழ எட்டாண்டுகளில் இதய, இரத்தநாள நிகழ்வுகள் பாதியாயின. இருபத்தொரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவ்வாறு கவனிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. அவர்களுக்கு அழற்சிக்கென்று தனி மருந்து எதுவும் தரப்படவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வாசலுக்கே வருவது பெரும் உதவி. ஆயினும் வீட்டிலேயே மாத்திரை கிடைப்பதால் ஆண்டுக்கு ஒருமுறைகூட மருத்துவமனைக்கு வராதிருக்க வேண்டாம். பாதமும் ஈறும் கண்ணும் சிறுநீரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்கப்பட வேண்டியவை.

அடுத்த முறை வரும்போது காலை எழுந்ததும் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் கொண்டுவாருங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ உள்ள நாளிலும், மாதவிடாய் நாட்களிலும், முந்தைய நாள் கடுமையாக உழைத்திருந்தாலும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். விகிதம் கூடியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மீண்டும் பார்த்தே உறுதிசெய்வோம். குனிந்து தம் பாதத்தின் அடியைப் பார்க்க இயலாத பெரியவர்களுக்கு, வீட்டிலுள்ளவர் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லலாம். புண், சிவப்பு, ஒரு பாதம் மட்டும் சூடாக இருத்தல், நிறம் கறுத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், அடுத்த முறைவரை காத்திராமல் அன்றே வந்துவிடுங்கள்.